மோஹேர்: ஒரு வெள்ளாட்டு ரோமத்துக்குள் இத்தனை அதிசயமா?

கையில் எடுத்தால் எடை இருப்பதே தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மெல்லியதாக ஓர் இழை, அதைச் சுற்றி ஒளி பட்டு மினுங்கும் பிசிறு. ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர், தொப்பி என்று பின்னிப் போட்டால் பார்க்கிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள். அதுதான் மோஹேர் நூல்! ஆனால் இதே ரோமம் பனிமலை ஏறுகிறவர்களின் காலடியிலும், அந்தக் கால அமெரிக்க ரயில்களின் இருக்கையிலும், டெடி கரடியின் உடம்பிலும், ஏலத்தில் 3,34,000 டாலருக்கு விலைபோன ஒரு பழைய ஸ்வெட்டரிலும் இருக்கிறது என்பது தெரியுமா?

இத்தனை இடத்துக்கு அதைக் கொண்டுபோனவை இரண்டே குணங்கள். ஒன்று, அந்த ரோமத்தின் வழவழப்பு. மற்றொன்று, எத்தனை முறை மடக்கினாலும் நிமிர்ந்துவிடும் மீள்திறன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஒவ்வோர் அதிசயத்துக்கும் விடை அங்கேதான் இருக்கிறது!

அங்கோரா என்றால் முயலா, ஆடா?

அங்கோரா நூலும் மோஹேர் நூலும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் ஏராளம். இரண்டும் வேறு வேறு! அங்கோரா நூல், அங்கோரா முயலின் ரோமம். மோஹேர் தருவது அங்கோரா வெள்ளாடு. துருக்கியின் தலைநகரான அங்காராவை ஐரோப்பியர்கள் முன்பு அங்கோரா என்றுதான் அழைத்தார்கள். அந்த ஒரே ஊரின் பெயரை ஆடு, முயல், பூனை என்று மூன்று நீள்முடிப் பிராணிகள் சுமந்துகொண்டிருக்கின்றன!

அங்கோரா ஆட்டை ஒருமுறை படத்திலாவது பாருங்கள். கிடாவுக்கும் கொம்பு, பெட்டைக்கும் கொம்பு. தொங்கும் காது. தலை முதல் கால் வரை சுருள் சுருளாகத் தொங்கும் வெண்ணிற ரோமம். கத்தரிக்கும் பருவத்தில் ஆடு நடந்தால் அந்தச் சுருள்கள் எல்லாம் சேர்ந்து ஆடும்!

மாதம் 2 சென்டிமீட்டர் வளரும் ரோமம்!

அங்கோரா ஆட்டின் ரோமம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால்தான் செம்மறியைப் போல வருஷத்துக்கு ஒருமுறை அல்லாமல், பெரும்பாலான பண்ணைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீள ரோமம் கிடைக்கும். வளர்ந்த ஆடு ஒன்று வருஷத்துக்கு 4 முதல் 5 கிலோ வரை தந்துவிடும்.

இதைக் காஷ்மீர் ஆட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஆச்சரியம் இரட்டிப்பாகும்! பெயர்பெற்ற காஷ்மீர் இழை ஓர் ஆட்டிடமிருந்து வருஷத்துக்கு 200 கிராம் கிடைத்தாலே பெரிது. காரணம், அது குளிருக்காக அடியில் வளர்ந்து வசந்தத்தில் உதிர்ந்துபோகும் உள்ரோமம். முரட்டு வெளிரோமத்தை நீக்கிவிட்டு அதைச் சீவி எடுக்க வேண்டும். அங்கோரா ஆட்டுக்கு அந்தப் பாகுபாடே கிட்டத்தட்ட இல்லை. உடல் முழுக்க ஒரே மாதிரி ரோமம், வருஷம் முழுக்க வளரும் ரோமம், பருவம் மாறினாலும் உதிராத ரோமம்!

நுண்ணோக்கிக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம்

செம்மறிக் கம்பளியின் ஒரு மயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். அதன் மேல் செதில்கள், ஓட்டு வீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் போல அடுக்கடுக்காகத் தூக்கி நிற்கும். வெந்நீரும் சோப்பும் பட்டு உரசும்போது இந்தச் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்கின்றன. கம்பளி ஸ்வெட்டர் சுருங்கிக் கெட்டிப்படுவது அதனால்தான்.

மோஹேர் மயிரிலும் செதில் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது, தூக்கி நிற்காமல் மேற்பரப்போடு படிந்து கிடக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தால் என்னென்ன நடக்கிறது தெரியுமா? படிந்த பரப்பில் படும் ஒளி சிதறாமல் திரும்புகிறது, அதனால் மினுமினுப்பு. செதில் மாட்டிக்கொள்ளாது, அதனால் கம்பளி அளவுக்குச் சுருங்காது. அழுக்குத் தங்க இடம் குறைவு, அதனால் லேசாக உதறினாலே தூசி போய்விடும். சாயம் ஏற்றினால் நிறம் ஆழமாகப் பிடித்து, பளபளப்போடு சேர்ந்து ஒளிரும். நெசவுத் தொழிலில் இதற்கு ‘வைர இழை’ என்றே செல்லப்பெயர்!

குட்டியின் முதல் ரோமத்துக்கு ஏன் இத்தனை மவுசு?

‘கிட் மோஹேர்’ என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள். குட்டி ஆட்டின் ரோமம் என்று பொருள். முதல் முறை கத்தரிக்கும்போது ஓர் இழையின் விட்டம் சுமார் 24 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டு அதில் 24 பங்கு! ஆடு வளர வளர ரோமமும் தடிக்கும். வயதான ஆட்டில் அது 40 மைக்ரான் வரை போய்விடும். ஆட்டின் வயதை அதன் ரோமமே சொல்லிவிடும் என்றால் மிகையில்லை.

இதில் உங்கள் கழுத்துக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நம் தோலில் குத்துவது நூல் அல்ல, நூலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் நுனி. அந்த நுனி சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தால் வளையாமல் தோலை அழுத்தும், அரிக்கும். அதைவிட மெலிந்திருந்தால் தோல் பட்டதும் வளைந்துவிடும், மெத்தென்று இருக்கும். ஒரு மோஹேர் மஃப்ளர் அரிப்பதும் இன்னொன்று கொஞ்சுவதும் இந்தச் சில மைக்ரான் வித்தியாசத்தால்! கழுத்தை ஒட்டி அணிவதற்குக் கிட் மோஹேர். வெளியே போட்டுக்கொள்ளும் கோட்டு, போர்வை, மெத்தை உறைக்கு முதிர்ந்த ஆட்டின் உறுதியான ரோமம். எதுவும் வீணில்லை.

ஒன்றேகால் கிலோமீட்டர் நூல், 150 கிராம் ஸ்வெட்டர்!

மோஹேர் தனியாக நின்றால் அதன் வழவழப்பே அதற்குச் சோதனை. இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் நழுவும். எனவே நூல் செய்கிறவர்கள் நடுவில் ஒரு பட்டு இழையை வைத்து, அதன்மேல் மோஹேரை முறுக்கி நிறுத்துகிறார்கள். பட்டு தாங்கும், மோஹேர் விரியும். பின்னல்காரர்களிடையே புகழ்பெற்ற ரோவன் நிறுவனத்தின் ‘கிட்சில்க் ஹேஸ்’ நூலில் 70 சதவீதம் மோஹேர், 30 சதவீதம் பட்டு. 25 கிராம் உருண்டை ஒன்றில் 210 மீட்டர் நூல்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுக்கு ஆறு உருண்டை என்று வைத்துக்கொண்டால் எடை 150 கிராம். நூலின் நீளமோ 1,260 மீட்டர், ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் அதிகம்! அவ்வளவையும் கண்ணி கண்ணியாக உங்கள் விரல்கள் கடந்திருக்கும். அணிந்தால் தோளில் பாரமே தெரியாது, ஆனால் குளிர் உள்ளே வராது. ஏனென்றால் குளிரைத் தடுப்பது பிசிறுகளுக்கு இடையே அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றுதான்.

அந்தப் பிசிறு எப்படி வருகிறது?

ஆட்டிலிருந்து வரும்போது மோஹேர் சுருள் சுருளாக இருக்கும், இப்படிப் பிசிறி நிற்காது. பிசிறு எழுப்புவது ஒரு தனிக் கலை! ஒரு வகையில், முதலில் மோஹேரைச் சின்னச் சின்ன வளையங்களாகத் துருத்தி நிற்கும்படி முறுக்குகிறார்கள். அப்படியே விட்டால் அது ‘பூக்லே’ நூல். அந்த வளையங்களைக் கம்பித் தூரிகையால் சீவி அறுத்துவிட்டால் ஒவ்வொரு வளையமும் விரிந்து பிசிறாகிறது. இயந்திரத் தூரிகை வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தது என்ன தெரியுமா? ஒரு செடியின் காய்ந்த பூந்தலை! கொக்கி போன்ற முட்கள் நிறைந்த டீசில் (teasel) செடியின் தலைகளை வரிசையாகச் சட்டத்தில் பொருத்தி, துணியைச் சீவியிருக்கிறார்கள்.

மெல்லிய நூலுக்குத் தடித்த ஊசி!

நூலின் தடிமனைப் பார்த்து ஊசியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். மோஹேரில் அந்தக் கணக்கு தலைகீழ்! தையல் நூலைவிடச் சற்றே தடித்த இழைக்கு 4, 5 மில்லிமீட்டர் ஊசி எடுக்கிறார்கள். சால்வை என்றால் 6, 8 மில்லிமீட்டர் ஊசிகூட. ‘இத்தனை ஓட்டையாக வருகிறதே’ என்று முதல் சில வரிகளில் மனம் பதைக்கும். பொறுங்கள்! கண்ணிகளுக்கு நடுவே விட்ட இடத்தையெல்லாம் பிசிறு வந்து நிரப்பிவிடும். இடம் கொடுக்காமல் இறுக்கிப் பின்னினால் பிசிறு உள்ளேயே அமுங்கி, துணி விறைத்து, அழகு அத்தனையும் போய்விடும்.

இன்னொரு வியப்பு: சிக்கலான வடிவங்கள் இதற்குத் தேவையே இல்லை. நுணுக்கமான முறுக்குப் பின்னல்கள் பிசிறுக்குள் மறைந்துபோகும். வெறும் நிட் (நேர்க் கண்ணி), வெறும் பர்ல் (எதிர்க் கண்ணி) போதும், மீதி அழகை நூல் பார்த்துக்கொள்ளும். பின்னல் பழகத் தொடங்கியவரின் சற்றே ஏறுமாறான கண்ணிகளையும் பிசிறு பெருந்தன்மையோடு மூடிவிடுகிறது. கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆரம்ப வரியைத் தளர்வாக ஏற்றுங்கள். மாதிரித் துண்டு பின்னி, அதைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். முதல் முறை வெளிர் நிறத்தில் பின்னுங்கள், கருநிறத்தில் கண்ணிகளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பிரிக்க வேண்டுமா? ஃப்ரீசரில் வையுங்கள்!

வேடிக்கையில்லை, உண்மை! மோஹேரில் தவறாகப் பின்னிவிட்டுப் பிரிக்க முயன்றால் நூல் வரவே வராது. வழவழப்பான ரோமம் ஏன் சிக்குகிறது என்று கேட்பீர்கள். செதில் மாட்டிக்கொள்வதால் அல்ல, நீளத்தால். நீண்ட பிசிறுகள் பக்கத்து வரிகளுக்குள் புகுந்து குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். வேகமாக இழுத்தால் பிசிறு உருண்டு முடிச்சாகிவிடும்.

அதற்குப் பின்னல்காரர்கள் கண்டுபிடித்த உபாயம்தான் குளிர்சாதனப் பெட்டி. பின்னலை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் பிசிறுகள் சற்றே விறைத்து, விலகிக் கொடுக்கும். பிறகு ஒவ்வொரு கண்ணியாக, மெதுவாகப் பிரிக்கலாம். இன்னும் முன்யோசனை உள்ளவர்கள் சில வரிகளுக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஒரு வழுக்கும் பருத்தி நூலைக் கோத்து விட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே இருப்பது பத்திரம். தவறு நேர்ந்தால் அந்த வரி வரைதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு நூல், மூன்றாவது நிறம்!

டென்மார்க், நார்வே பின்னல்காரர்களிடமிருந்து உலகமெங்கும் பரவிய ஒரு வழக்கம் இது. சாதாரணக் கம்பளி நூல் ஒன்றையும், மெல்லிய பட்டு மோஹேர் ஒன்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்னுகிறார்கள். கம்பளி உருவத்தைத் தருகிறது, மோஹேர் மேலே ஒளிப்படலத்தைப் போர்த்துகிறது. நிறங்களில் நடப்பதுதான் மாயம்! நீலக் கம்பளியோடு இளஞ்சிவப்பு மோஹேரைச் சேர்த்தால் இரண்டும் கலந்து, கடையில் எங்கும் கிடைக்காத ஒரு மூன்றாவது நிறம் பிறக்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் ஒரு நிறம், கிட்ட வந்தால் இன்னொரு நிறம். பெட்டியில் மிச்சம் மீதி கிடக்கும் நூல்களுக்கெல்லாம் இதனால் புது வாழ்வு!

ஓவியத்தில் சிக்கிய ஊர்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. பின்னணியில் மதில் சூழ்ந்த ஊர். முன்னால் ஆடுகள், ரோமம் கத்தரிப்பவர்கள், நூல் வேலை செய்பவர்கள், வணிகர்கள். நெடுங்காலம் அது சிரியாவின் அலெப்போ நகரம் என்று நம்பப்பட்டது. பிறகுதான் அது அங்காரா என்று கண்டறிந்தார்கள். சாட்சி சொன்னவற்றுள் அந்த ஆடுகளும் உண்டு! ஒட்டமான் பேரரசின் காலத்தில் அங்காரா வாழ்ந்ததே மோஹேரால்தான். அதில் நெய்த ‘சோஃப்’ என்னும் மினுங்கும் துணியையும் நூற்ற நூலையும் தேடி வெனிஸ், ஹாலந்து, இங்கிலாந்து வணிகர்கள் அங்கே வந்தார்கள். துணி போகலாம், நூல் போகலாம், ஆனால் உயிரோடு ஆடு வெளியே போய்விடக் கூடாது என்பதில் ஒட்டமான்கள் குறியாக இருந்தார்கள்.

ஒரு சினை ஆடு வரலாற்றையே மாற்றிய கதை!

ஆண்டு 1838. கர்னல் ஜான் ஹெண்டர்சன் என்பவர் துருக்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு அங்கோரா ஆடுகளைக் கொண்டுவந்தார். 12 கிடாக்கள், ஒரு பெட்டை. பார்த்தால், 12 கிடாக்களுக்கும் இனவிருத்தி செய்ய முடியாதபடி முன்பே செய்திருந்தார்கள்! ரகசியம் கைமாறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. ஆனால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஒற்றைப் பெட்டை ஆடு சினையாக இருந்தது. அது ஈன்றது கிடாக்குட்டி! அந்தத் தாயும் குட்டியும்தான் தென்னாப்பிரிக்காவின் மோஹேர் கதைக்குப் பிள்ளையார் சுழி. அடுத்தடுத்து வந்து சேர்ந்த ஆடுகளால் மந்தை பெருகியது.

இன்று உலகின் மோஹேரில் ஏறத்தாழ பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் வருகிறது! அதுவும் பெரும்பகுதி கிழக்கு கேப் மாகாணத்தின் வறண்ட கரூ பகுதியிலிருந்து. துறைமுக நகரமான போர்ட் எலிசபெத், 2021-இல் கெபெர்ஹா என்று பெயர் மாறிய ஊர், மோஹேர் ஏலத்துக்கு உலகப் புகழ் பெற்றது. தென்னாப்பிரிக்காவால் நாலாபுறமும் சூழப்பட்ட குட்டி மலைநாடு லெசோதோ இரண்டாம் இடம். அங்கே சிறு விவசாயிகள் மலைச்சரிவுகளில் மேய்த்து, ஊர்க் கொட்டகைக்கு ஓட்டி வந்து ரோமம் கத்தரிக்கிறார்கள்.

பருத்தி சொல்லிக் கொடுத்ததற்கு ஆடு பரிசு!

அமெரிக்காவுக்கு அங்கோரா ஆடு போனதும் சுவையான கதைதான். தென் கரோலினாவைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் டேவிஸ், துருக்கியில் பருத்தி சாகுபடியை வளர்க்க ஆலோசனை சொல்லப் போனார். பதிலுக்குச் சுல்தான் அப்துல்மெஜித் கொடுத்த பரிசு ஒன்பது ஆடுகள்: ஏழு பெட்டை, இரண்டு கிடா. 1849-இல் அவை அமெரிக்க மண்ணில் கால் வைத்தன. பல்லாண்டுகள் அவற்றைக் காஷ்மீர் ஆடுகள் என்றே அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள்! பிறகு டெக்சாஸின் கற்பாங்கான எட்வர்ட்ஸ் பீடபூமி இந்த இனத்துக்குத் தாய்வீடானது. மற்ற கால்நடைகள் சீந்தாத புதர்ச் செடிகளை ஆடுகள் தின்று தீர்த்ததால் நிலமும் சீரானது, ரோமமும் கிடைத்தது. 1954-இல் வந்த தேசியக் கம்பளிச் சட்டம் மோஹேருக்கும் அரசு மானியம் தந்தது. 1990-களின் நடுவில் அது நின்றதும் டெக்சாஸ் மந்தைகள் மளமளவென்று குறைந்தன.

வெயிலுக்குப் போடும் மோஹேர்!

நம் ஊர் வாசகர்களுக்கு இதுதான் பெரிய வியப்பாக இருக்கும். மோஹேர் குளிருக்கு மட்டும் அல்ல! அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் சான்ஃபோர்டு என்ற ஆலை நகரில் நெய்யப்பட்ட ‘பாம் பீச்’ துணி, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோடைக்கால சூட்டுகளுக்குப் பெயர் பெற்றது. அதில் பாவு பருத்தி, ஊடு மோஹேர்! விறைப்பான, வழவழப்பான மோஹேர் இழை உடம்போடு ஒட்டாது. இடைவெளி விட்டு நெய்தால் காற்று தாராளமாகப் போய்வரும். நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுந்தாலும் கசங்காது. பிசிறு எழுப்பிப் பின்னினால் காற்றைப் பிடித்து வைக்கும், பிசிறில்லாமல் நெய்தால் காற்றை விட்டுவிடும். ஒரே ரோமம்தான்!

1960-களில் லண்டன் இளைஞர்கள் வெளிச்சத்துக்குத் தக்க நிறம் மாறும் இறுக்கமான மோஹேர் சூட்டுகளில் வலம் வந்ததும் இந்த மினுமினுப்பின் புண்ணியத்தால்தான். அதே மீள்திறன்தான் மோஹேர் வெல்வெட்டை அமெரிக்க ரயில் இருக்கைகளுக்கும் கார் இருக்கைகளுக்கும் கொண்டுபோனது. ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்தாலும் ரோமம் மறுபடி நிமிர்ந்து நிற்கும்.

மோஹேர் கட்டிய ஊர், யுனெஸ்கோ பட்டியலில்!

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு அருகே, அல்பாகா ரோமத்தையும் மோஹேரையும் நூற்று நெய்து பெருஞ்செல்வரான டைட்டஸ் சால்ட், 1853-இல் ஒரு பிரம்மாண்டமான ஆலையைத் திறந்தார். தொழிலாளர்களுக்காக அதைச் சுற்றி ஒரு முழு ஊரையே கட்டினார். வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம்! அவருடைய பெயரையும் அருகில் ஓடும் ஏர் ஆற்றின் பெயரையும் இணைத்துச் சால்டேர் என்று அழைக்கப்படும் அந்த ஊர், 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

டெடி கரடியின் தோல் எது?

ஜெர்மனியின் கீங்கன் ஊரில், இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மார்கரெட்டே ஸ்டைஃப் உருவாக்கியது ஸ்டைஃப் பொம்மை நிறுவனம். அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்டு, 1902-இல் கை கால் அசையும் கரடி பொம்மை ஒன்றை வடிவமைத்தார். அதன் உடம்பு மோஹேர் பிளஷ் என்னும் ரோமத் துணி! 1903-இல் லைப்சிக் சந்தையில் அமெரிக்க வியாபாரி ஒருவர் ஒரே மூச்சில் 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் மாறவில்லை. சேகரிப்பாளர்கள் தேடும் உயர்தரக் கரடிகள் இன்றும் மோஹேரில்தான். பொம்மைகளுக்குத் தலைமுடி வைக்கும் கலைஞர்களும் இதையே நாடுகிறார்கள், ஏனென்றால் சீவலாம், சுருட்டலாம், பளபளப்பு போகாது.

பனிமலை ஏற ஓர் ஆட்டு ரோமம்!

பனிச்சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு மலையில் இறங்கலாம், சரி. ஏறுவது எப்படி? பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் அது கடல்நாய்த் தோல். பிறகு வந்தது மோஹேர்! அந்தப் பட்டையில் குட்டை ரோமங்கள் எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். முன்னே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னே சரியப் பார்த்தால் ரோமங்கள் நிமிர்ந்து பனியைக் கவ்விக்கொள்ளும். செயற்கை நைலான் நன்றாகக் கவ்வும், நாளும் உழைக்கும். ஆனால் வழுக்குவதில் மோஹேருக்கு ஈடில்லை என்பது மலையேறுகிறவர்கள் அறிந்தது. அதனால் இரண்டையும் கலந்தும் செய்கிறார்கள். உங்கள் மஃப்ளரும் ஆல்ப்ஸ் மலை ஏறும் பட்டையும் உறவுக்காரர்கள்!

துவைக்காத ஸ்வெட்டர், 3,34,000 டாலர்!

1970-களில் லண்டனின் கிங்ஸ் ரோட்டில் கடை வைத்திருந்த விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும், தளர்வாகப் பின்னிய மோஹேர் ஸ்வெட்டர்களைப் பங்க் இளைஞர்களின் அடையாளமாக்கினார்கள். பெரிய ஊசி, பெரிய ஓட்டை, பிசிறு பறக்கும் கோடுகள்! பிறகு 1993 நவம்பரில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் ஒரு பழைய, பச்சை கலந்த கார்டிகனைப் போட்டுக்கொண்டு பாடினார். அக்ரிலிக், மோஹேர், லைக்ரா கலந்த சாதாரண கார்டிகன்தான். அது 2019 அக்டோபரில் ஏலத்தில் 3,34,000 டாலருக்குப் போனது, கறையோடும் ஓட்டையோடும்! அவர் அணிந்த பிறகு அதைத் துவைக்கவே இல்லை.

ரோமம் இழந்த ஆட்டுக்குக் குளிரும்!

இது சந்தோஷமான அதிசயம் அல்ல, ஆனால் மோஹேரை நேசிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்கோரா ஆட்டின் உடம்பில் கொழுப்பு குறைவு. ரோமம் கத்தரித்த பிறகு வரும் சில வாரங்களில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து அடித்தால் ஆடு செத்தே போகலாம். ஆகவே நல்ல மேய்ப்பர்கள் வானிலையைப் பார்த்துக் கத்தரிக்கிறார்கள், கொட்டகையை ஆயத்தமாக வைக்கிறார்கள், தீவனம் கூட்டிக் கொடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 2018-இல் தென்னாப்பிரிக்கப் பண்ணைகள் சிலவற்றில் ஆடுகள் துன்புறுத்தப்படுவதைப் பீட்டா அமைப்பு படமெடுத்து வெளியிட்டது. எச் அண்ட் எம், ஜாரா, கேப் போன்ற பெரிய துணிக்கடைகள் மோஹேரைக் கைவிடுவதாக அறிவித்தன. அதன் பிறகு 2020-இல் பிறந்ததுதான் ‘பொறுப்பான மோஹேர் தரநிலை’. ஆட்டின் நலம், மேய்ச்சல் நிலத்தின் நலம் இரண்டையும் தணிக்கை செய்து, பண்ணையிலிருந்து நூல் வரை தடம் பிடிக்கும் சான்று அது. நூல் வாங்கும்போது லேபிளில் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் கடைக்காரர் கேட்பார், ஆலை கேட்கும், கடைசியில் ஆட்டுக்குக் கூரை கிடைக்கும்.

துவைத்தால் பயப்பட வேண்டாம்

குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, கொஞ்ச நேர ஊறல். பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும், ஆகவே தட்டையாக விரித்து நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் உதறி, மென்மையான பிரஷ்ஷால் மேலாகச் சீவினால் அமுங்கிக் கிடந்த பிசிறு எழுந்து நிற்கும், புதிது போல! மடித்து வைக்கும்போது மட்டும் பூச்சியிடம் எச்சரிக்கை. ரோமம் என்பது புரதம், அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு அது விருந்து. கழுவிய உடையை, மூடிய பையில் வையுங்கள்.

ஓர் உருண்டை போதும், தொடங்கிவிடலாம்!

இத்தனையையும் படித்துவிட்டு வெறும் கையோடு இருக்க முடியுமா? நல்ல செய்தி, ஒரு முழு சால்வைக்கு நூல் வாங்க வேண்டியதில்லை. 25 கிராம் பட்டு மோஹேர் ஓர் உருண்டை, 5 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி, அவ்வளவுதான். 40 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றுங்கள். ஒவ்வொரு வரியும் நிட், நிட், நிட். வேறு எதுவும் வேண்டாம். நூல் தீரப்போகிறது என்று தெரியும்போது தளர்வாக முடித்துவிடுங்கள். கழுத்தில் சுற்ற ஒரு மெல்லிய மஃப்ளர் உங்கள் கையால் உருவாகியிருக்கும். முடித்துவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், 25 கிராம்கூட இருக்காது. பிறகு கழுத்தில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் இருங்கள், அந்த எடைக்கு இத்தனை கதகதப்பா என்று நீங்களே வியப்பீர்கள். அடுத்த உருண்டைக்கு என்ன நிறம் வாங்கலாம் என்று இப்போதே யோசித்து வையுங்கள்!